மூடியில் வைத்த பொட்டு

அன்றைக்கு மைதானத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூட மானேஜர் இருந்தார். அவர் பெயர் வேண்டாம், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஸ்டோர் கீப்பர் வேலு இருந்தார். பெட்ரோல் தகரம் வைத்த அறையின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். மைதானம் கூட்டுகிற செல்லம்மாக்கா இருந்தார். புல் வெட்டுகிற காதர் இருந்தார். நான் இருந்தேன். எனக்கு ஃபிட்டர் வேலை. தச்சு வேலைக் குடும்பத்தில் பிறந்ததால் எல்லோருக்கும் நான் ஆசாரி. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது.

நடுவில் மிஷின் கிடந்தது. ஓடவில்லை.

இந்த ஷெட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகள் கேட்டீர்கள். ஆயுத பூஜையன்று எல்லா மிஷினுக்கும் டேங்க் மேல் பொட்டு வைக்கிறார்கள், நம் ஷெட்டில் மட்டும் ஏன் கைப்பிடியில் வைக்கிறோம் என்று. வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும். எழுதித் தருகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. காரைக்குடியிலிருந்து புதுவயல் போகிற பக்கம், அப்போது ஒரு செட்டியார் குடும்பம் நடத்திய இதே பள்ளிக்கூடம். மைதானம் பெரியது. மழை பெய்தால் கோரையும் அருகும் முழங்கால் உயரம் வரும், கீழே நெருஞ்சி. அதற்கு முந்தின வருஷம் அந்தப் புல்லுக்குள் ஒரு பையனைச் சுருட்டை விரியன் கடித்துவிட்டது. பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் முதலாளி வீட்டில் மலேயாவிலிருந்து ஒரு புல்வெட்டி மிஷினைக் கப்பலில் வரவழைத்தார்கள். தோளில் வாரைப் போட்டு மாட்டிக்கொள்வது. நீளமான குழாய். ஒரு முனையில் பெட்ரோல் எஞ்சின், மறுமுனையில் சுற்றுகிற தகடு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்போது அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

மிஷின் வந்துவிட்டது. ஓட்ட ஆள் வேண்டுமே. காதர் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இதே மாதிரி மிஷினை ஓட்டியவர். அங்கே வேலைக்குப் பெர்மிட் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனைவி, மூன்று பிள்ளைகளோடு வந்து இறங்கினார். ஊரில் அவருக்கு நிலம் இல்லை, கடை இல்லை. தெரிந்த தொழில் இது ஒன்றுதான். தினக்கூலிக்கு எடுத்தார்கள். கார்த்திகை மாதத்திலிருந்து நிரந்தரம் செய்வதாக மானேஜர் சொல்லியிருந்தார்.

காதர் அதிகம் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். அதனால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

மாசியில் புல் காய்ந்துவிடும். அப்போது மிஷினைக் கட்டி வைத்துவிடுவோம். புரட்டாசியில் மழை எட்டிப் பார்த்ததும் எடுப்போம். அந்த வருஷம் எடுத்தது ஆயுத பூஜைக்கு. மிஷின் வந்த பிறகு வந்த முதல் பூஜை அது.

பூஜையை நடத்துவது எப்போதும் செல்லம்மாக்காதான். மண்வெட்டி, அரிவாள், என் சுத்தியல், ஸ்பேனர், பள்ளிக்கூட பஸ், எல்லாவற்றுக்கும் அவர் கையால் சந்தனம், குங்குமம். புது மிஷின் என்பதால் அதற்கு மட்டும் பெரிய பொட்டாக வைத்தார். எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தார். குழாய் மெலிசு. எஞ்சின் பூராவும் வரிவரியாக இருக்கிறது. டேங்க் மூடிதான் வட்டமாக, நெற்றி மாதிரி இருந்தது. அதில் கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்.

வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பொட்டு தானா உதிரணும். எவனும் தொடக்கூடாது. போன வருசம் அந்த பஸ்ஸுக்காரப் பய மறுநாளே சோப்புப் போட்டுக் கழுவுனான். அவனைக் கேட்ட கேள்வி இந்த வருசத்துக்கும் சேத்துத்தான்."

எல்லோரும் சிரித்தோம். காதரும் சிரித்தார். பொரிகடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் விஜயதசமி, விடுமுறை. அதற்கு அடுத்த நாள் திங்கட்கிழமை. புதன்கிழமை பிள்ளைகளுக்கு ஓட்டப் போட்டி. பாதிப் பிள்ளைகளுக்குக் காலில் செருப்பு கிடையாது. இரண்டு நாளில் மைதானம் முழுவதும் வெட்டியாக வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் காதர் எஞ்சினைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்போது மனதில் வைக்கவில்லை, பிற்பாடுதான் ஞாபகம் வந்தது.

கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. பிறகு இரைப்பு வந்து நின்றது. காதர் மூடியைத் திறந்தார், உள்ளே பார்த்தார், மூடினார், இழுத்தார். ஓடியது. மறுபடி கொஞ்ச நேரத்தில் நின்றது. மறுபடி திறந்தார். காலை முழுக்க இதே கதை. மிஷின் சூடேறிய பிறகு பெட்ரோல் வாசத்தோடு சந்தன வாசமும் மைதானத்தில் அடித்தது. நான் பட்டறையில் உடைந்த பெஞ்சுக்குப் புதுக் கால் போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் வருவதும் நிற்பதுமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெயில் ஏறிய பிறகு வேலு வந்து என்னைக் கூப்பிட்டார். மானேஜரை ஏற்கெனவே கூப்பிட்டு வந்திருந்தார்.

வேலுவைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியிருந்த சமயம் அது. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலக்கிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஸ்டோரில் ஒரு சொட்டு குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பயந்த மனுஷன்.

"காலையிலருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்யா. நிமிசத்துக்கு ஒருக்கா மூடியத் திறக்குறாரு, எட்டிப் பாக்குறாரு, மூடுறாரு. நல்ல பெட்ரோலை ஊத்துனவருக்கு அப்படி என்ன பார்வை? உள்ள வேற என்னமோ இருக்கு."

அவர் டேங்கிலிருந்து நாலு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டார். ஊதினார். மானேஜர் முன்னால் கையை நீட்டினார்.

"பாருங்க. பெட்ரோலா இருந்தா பறந்திருக்கணும். பிசுபிசுன்னு நிக்குது. மண்ணெண்ணெய்."

"அதுல ஆயில் கலந்துதான் ஓட்டணும் வேலு. பிசுபிசுன்னுதான் நிக்கும்" என்றேன்.

"வாசத்துக்கு என்ன சொல்றீக ஆசாரி? மோந்து பாருங்க."

எனக்கு மூக்கில் ஒன்றும் பிடிபடவில்லை. மானேஜருக்கும் பிடிபட்ட மாதிரி தெரியவில்லை. அவர் காதரைப் பார்த்தார்.

"என்னப்பா? சொல்லு."

"பெட்ரோல் சரியாத்தான் இருக்குங்க. சாயங்காலத்துக்குள்ள இந்தப் பக்கத்த முடிச்சிர்றேன்."

"நின்னு நின்னு ஓடுதே, ஏன்?"

காதர் தரையைப் பார்த்தார்.

பதில் சொல்லாத ஆள்மேல் குற்றம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். வேலுவின் முகம் தெளிந்துவிட்டது. செல்லம்மாக்கா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றார். காதருக்கு அன்று போக இருந்தது ஒரு நாள் கூலி மட்டும் இல்லை. பெட்ரோல் திருடினான் என்று வெளியே அனுப்பினால் இந்த ஊரில் ஒரு மில்லிலும், ஒரு கடையிலும் சேர்க்கமாட்டார்கள். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

மானேஜர் என்னைப் பார்த்தார்.

"ஆசாரி, நான் சாப்பிட்டு வாரேன். வர்றதுக்குள்ள என்ன ஏதுன்னு பாத்துச் சொல்லு."

போய்விட்டார். அவ்வளவுதான் சொன்னார்.

இந்த இடத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்வது ஒன்று உண்டு. உடனே எஞ்சினைக் கழற்றுவார்கள். எனக்கும் கை அரித்தது. ஸ்பேனர் பையில்தான் இருந்தது. ஆனால் கழற்றிப் பரப்பிய பிறகு மானேஜர் வந்துவிட்டால், பரப்பிய சாமானே காதருக்கு எதிர்சாட்சி ஆகிவிடும். மிஷின் கெட்டுப்போனது அவர் கண்ணுக்குத் தெரியும், எதனால் கெட்டது என்று தெரியாது. அதைவிட, ஆறு ஏழு மாதம் மிஷினைக் காதர் எப்படி வைத்திருந்தார் என்று பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு மிஷினை ஓட்டும்போது நாலு பேர் பார்ப்பார்கள். கட்டி வைக்கும்போது ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள். அங்கேதான் ஆள் தெரியும்.

ஷெட்டுக்குப் போனேன்.

மிஷின் தொங்கிய இடம் உத்தரத்தில் இரண்டு கொக்கி. எலி ஏறாத உயரம், சுவரைத் தொடாத தூரம். கீழே ஒரு மரப்பெட்டி. திறந்தேன். தகடு சுற்றிவைத்த சாக்கில் கிரீஸ் வட்டமாகப் பதிந்திருந்தது. துருப் பொடி ஒரு துளி இல்லை. கரி படிந்த ஒரு துணி உருண்டை இருந்தது. எதற்கு என்று யோசித்தேன். சைலன்சர் வாயில் அடைத்தது. நம் ஊரில் எந்த ஓட்டையைப் பார்த்தாலும் குளவி மண் வைத்து அடைக்கும், அதற்கு முன்னால் இவர் அடைத்திருக்கிறார். ஒரு சிறிய கரண்டி, அடியில் ஆயில் பிசுக்கு. பிளக்கைக் கழற்றி உள்ளே ஆயில் விட்ட கரண்டி. டேங்கைக் காலி செய்துவிட்டு, கார்புரேட்டரில் தங்கியதும் தீர்ந்து தானாக நிற்கிற வரைக்கும் மிஷினை ஓடவிட்டதை மாசியில் நானே பார்த்திருக்கிறேன். பழைய பெட்ரோல் உள்ளே நின்றால் பிசினாகப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்திருந்தால் காலையில் இரண்டாவது இழுப்பில் எப்படிக் கிளம்பும்?

அப்போதுதான் அந்த இரண்டாவது இழுப்பு ஞாபகம் வந்தது. இப்படிக் கட்டிவைக்கிறவர் பெட்ரோலில் மண்ணெண்ணெய் ஊற்றமாட்டார். மிஷின் வயிற்றைக் கெடுக்க அவருக்கு மனசு வராது.

எழுந்திருக்கப் போனேன். கொக்கியில் ஏதோ ஆடியது. நூலில் கட்டிய ஒரு ஈர்க்குச்சி. முனை சீவி, ஊசி மாதிரி இருந்தது. எங்கே நுழைக்க இத்தனை மெலிசு? பிளக்குக்கு இல்லை. ஃபில்டருக்கு இல்லை. மிஷினை ஒவ்வொரு இடமாக மனதில் தடவிப் பார்த்தேன். அத்தனை சின்ன ஓட்டை அதில் ஒன்றுதான் வெளியே தெரிகிற மாதிரி இருக்கிறது. டேங்க் மூடியில். பெட்ரோல் கீழே இறங்க இறங்க மேலே காற்றுப் போக வேண்டும். அது போகிற வழி. அந்த ஓட்டை அடைபட்டால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நிற்கும். மூடியைத் திறந்தால் காற்று உள்ளே போகும், மறுபடி ஓடும்.

மைதானத்துக்குத் திரும்பினேன். மூடியைப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

காதரை வேப்பமரத்துப் பக்கம் கூட்டிப் போனேன்.

"ஈர்க்குச்சி பாத்தேன் காதர்."

அவர் கையிலிருந்த பெட்ரோல் பிசுக்கை வேப்பமரத்தில் துடைத்தார்.

"தெரிஞ்சுதானே திறந்து திறந்து ஓட்டுறீக?"

"ஆமா."

"ஒரு குத்துக் குத்துனா முடிஞ்சுது. ஏன் செய்யல?"

"அது அக்கா வச்ச பொட்டு, ஆசாரி. தொடக்கூடாதுன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னாக. வேற ஆளு தொட்டா கை தவறிப் பட்டுச்சும்பாக. நான் தொட்டா வேற பேச்சாயிரும்."

"அவுககிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்ல? உங்க பொட்டாலதான் மிஷின் நின்னு போச்சுன்னா? மனசு வருத்தப்படுவாக. எனக்கும் சேத்துத்தான பொரிகடலை குடுத்தாக." வெட்டாமல் கிடந்த பக்கத்தைப் பார்த்தார். "ரெண்டு நாளுதான. திறந்து திறந்து ஓட்டி முடிச்சிரலாம்னு பாத்தேன். நான் சொன்னேன்னு சொல்லிராதீக ஆசாரி."

"வேலை போயிரும் போலருக்கே?"

"அல்லா பாத்துக்குவான்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

இப்போது என்ன செய்வது? நானே ஒரு குச்சியால் குத்திவிடலாம். மிஷின் ஓடும். ஆனால் வேலு சும்மா இருப்பாரா? ஆசாரி ஏதோ செய்து காப்பாற்றிவிட்டான் என்பார். திருடன் என்ற பேச்சு காதர்மேல் அப்படியே நிற்கும். மானேஜரிடம் பொட்டால்தான் நின்றது என்று சொல்லலாம். அது சாயங்காலத்துக்குள் ஊருக்குள் போய் என்னவாகத் திரும்பி வரும் என்று யாரால் சொல்ல முடியும்? காதர் பயந்ததும் அதற்குத்தான். வைத்தவர் கையாலேயே எடுத்தால் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் செல்லம்மாக்காவுக்கு வாய் நீளம், கோபமும் உண்டு. எந்தப் பக்கம் பாயும் என்று எனக்குத் தெரியாது.

இருந்தாலும் அவரைத்தான் கூப்பிட்டேன். வேலு பக்கத்தில் நிற்கும்போதே கூப்பிட்டேன்.

"அக்கா, இங்குட்டு வாங்க. இந்த மூடியில ஒரு ஓட்டை இருக்கு. மிஷின் மூச்சு விடுற ஓட்டை."

"எங்க? எனக்குத் தெரியலையே."

"தெரியாது. சந்தனத்துக்கு அடியில இருக்கு."

அவர் குனிந்து மூடியைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தள்ளி நின்ற காதரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அட கூறுகெட்டவனே!" என்றார். காதரைத்தான். "மூக்க அடைச்சது நானு, மூச்சு முட்டுனது மிஷினு, திருட்டுப் பட்டம் வாங்குறது நீயா?"

"தொடக்கூடாதுன்னு நீங்கதானக்கா..."

"அந்த பஸ்ஸுக்காரப் பயலுக்குச் சொன்னேன்டா. உனக்கா சொன்னேன்? எங்கிட்ட வந்து அக்கா இப்படின்னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுருவேன்? சாமி என்ன சந்தனத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேன்னா அடம்புடிக்குது?"

தாலிக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்தார். முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தார். ஊக்கு முனையால் ஓட்டையைக் குத்தினார். மூடியைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். காற்று மறுபக்கம் வந்தது. மூடியைத் திருகி மாட்டினார். ஊக்கை மறுபடி கயிற்றில் மாட்டிக்கொண்டார்.

"இழு இப்ப."

காதர் இழுத்தார். ஓடியது. காலையில் நின்ற நேரம் வந்தது, நிற்கவில்லை. அதற்கு மேலும் ஓடியது. காதர் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கோரைக்குள் நடந்தார். ஒரு வரிசை போய்த் திரும்பி வரும்வரை சத்தம் ஒரே சீராக இருந்தது.

வேலு தலையைச் சொறிந்தார்.

"மண்ணெண்ணெய் வாசம் அடிச்சுச்சே..."

"உங்க வேட்டியில அடிக்குது" என்றார் செல்லம்மாக்கா. "ஸ்டோர்ல தகரத்து மேலயே உக்காந்திருந்தா மல்லியப்பூ வாசமா அடிக்கும்?"

வேலுவும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் அவர் முகம் சுண்டியது. ஸ்டோருக்குப் போனார்.

காதர் எஞ்சினை நிறுத்தினார். செல்லம்மாக்கா இடுப்பிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தார்.

"வெறுமனே விடக்கூடாது. எங்கடா வைக்கட்டும்? நீ சொல்லு. கண்ணு மூக்கு தெரிஞ்சவன் நீதான்."

காதர் கைப்பிடியைக் காட்டினார். இரும்பு வளைந்து மேலே வருகிற இடம். அங்கே ஓட்டை எதுவும் இல்லை. வைத்தார்.

மானேஜர் வந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன கோளாறு?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் செல்லம்மாக்கா சொன்னார்.

"மூச்சு முட்டியிருந்துச்சுங்கய்யா. எடுத்து விட்டாச்சு."

மானேஜர் மிஷினைப் பார்த்தார். மூடி சுத்தமாக இருந்தது. கைப்பிடியில் பொட்டு இருந்தது. செல்லம்மாக்காவின் முந்தானையில் சந்தனம். எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதற்குள் வேலு பெட்ரோல் தகரத்தைத் தானே சுமந்துகொண்டு வந்தார். அதுவரை காதர்தான் ஸ்டோர் வாசலில் போய் நின்று வாங்குவார். "ஊத்திக்கங்க பாய்" என்றார். காதர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அது போதும் என்று எனக்குப் பட்டது.

மானேஜரைப் பற்றி ஒன்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவருக்குத் திங்கட்கிழமை விரதம். பகலில் சாப்பிடுவதில்லை. அன்று திங்கட்கிழமை. சாப்பிடப் போகிறேன் என்று போனவர் எங்கே போய் உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. எனக்கு நேரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முன்னால் நின்றுகொண்டே "சொல்லு, சொல்லு" என்றிருந்தால் நானும் எஞ்சினைக் கழற்றியிருப்பேன், காதரும் வீட்டுக்குப் போயிருப்பார். நீங்களும் ஒரு நாள் இந்த ஷெட்டுக்குப் பொறுப்பாக வருவீர்கள். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மிஷினுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கட்டிவைக்கும் முன்னால் டேங்கைக் காலி செய்யுங்கள், தானாக நிற்கிறவரை ஓட விடுங்கள். பிளக் வழியாக ஆயில் விட்டுக் கயிற்றை மெதுவாக இழுங்கள். குளவிக்கு வழி வைக்காதீர்கள், ஆனால் எடுக்கும்போது அடைத்த துணியை மறக்காமல் எடுங்கள். மூடியின் ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஈர்க்குச்சி இன்றைக்கும் அந்தக் கொக்கியில்தான் தொங்குகிறது. முனை மழுங்கினால் புதிதாகச் சீவிக் கட்டுங்கள்.

ஆளுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம். ஒருவர் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தால், திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். யாரையோ காப்பாற்றிக்கொண்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை இருட்டுவதற்குள் மைதானம் முடிந்தது. காதரும் செல்லம்மாக்காவும் சேர்ந்து வெட்டிய புல்லை வாரிக் கட்டினார்கள். புதன்கிழமை பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடினார்கள். கார்த்திகையில் காதருக்கு நிரந்தர உத்தரவு வந்தது. அன்று அவர் வீட்டிலிருந்து எங்கள் எல்லோருக்கும் சேமியாப் பாயசம் வந்தது. வேலுவுக்குத் தனித் தூக்குவாளியில்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் செல்லம்மாக்கா விரலில் சந்தனத்தோடு மிஷின் முன்னால் வந்து நிற்பார். காதர் வரும்வரை நிற்பார். வந்ததும், "எங்கடா வைக்க?" என்பார். எங்கே என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்பார். காதர் கைப்பிடியைக் காட்டுவார். அக்கா வேலையிலிருந்து நிற்கிற வரைக்கும் இப்படித்தான் நடந்தது.

பதினோரு பூஜை.